ஏழு பேருக்கு ஒரு டேபிள்: ப்ரன்ச்சா, டின்னரா?

வாசகர் கேள்வி:

ஒன்றாகப் படித்த நாங்கள் ஏழு பேர், இரண்டு வருடம் கழித்து ஒரே வார இறுதியில் ஒரே ஊரில் இருக்கப் போகிறோம். எங்கே சாப்பிடுவது என்பதில் சண்டை இல்லை. எல்லாரும் போக ஆசைப்பட்ட, எப்போதும் கூட்டம் நிரம்பி வழியும் ஓர் உணவகத்தை முடிவு செய்துவிட்டோம். எப்போது என்பதில்தான் சண்டை. நாலு பேர் ஞாயிறு ப்ரன்ச் (காலை உணவும் மதிய உணவும் சேர்ந்த முற்பகல் சாப்பாடு) என்கிறார்கள், மூன்று பேர் சனி இரவு டின்னர் என்கிறார்கள். ப்ரன்ச்சுக்கு அங்கே முன்பதிவு கிடையாது, நேரில் போய்ப் பெயர் கொடுத்துக் காத்திருக்க வேண்டும். டின்னருக்குப் பதிவு உண்டு, ஆனால் டேபிள் இரண்டு மணி நேரத்துக்குத்தான். ஒரு தோழி 8 மாதக் குழந்தையோடு வருகிறாள். ஒரு நண்பனுக்கு முட்டை ஒவ்வாமை. செலவு விஷயத்தில் எல்லாரும் ஒரே நிலையில் இல்லை, அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவும் மாட்டார்கள். ஏற்பாடெல்லாம் என் தலையில். எதைத் தேர்ந்தெடுப்பது?

பதில்:

வணக்கம். முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன், காரணங்களைப் பிறகு பார்க்கலாம். டின்னருக்குப் போங்கள். ஆனால் அந்த மூன்று பேர் மனதில் வைத்திருக்கும் சனி இரவு எட்டு மணி டின்னர் வேண்டாம். ஞாயிறு மாலை டின்னருக்குக் கதவு திறக்கும் முதல் நேரம் 6 மணியோ 6.30 மணியோ, அதற்குப் பதிவு செய்யுங்கள். ஞாயிறு மாலை திறப்பதில்லை என்றால் சனிக்கிழமை அதே முதல் நேரம்.

நாலுக்கு மூன்று என்று ப்ரன்ச் ஜெயித்திருக்கிறதே என்பது உங்களுக்கு உறுத்தும். ஓட்டெடுப்பு யாருக்கு எது பிடிக்கும் என்பதைத்தான் காட்டும். யாருக்கு எது ஒத்துவராது என்பதைக் காட்டாது. ஏழு பேருக்கு நேரம் குறிக்கும்போது, ஒத்துவராததை ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டு வந்து மிச்சமிருப்பதை எடுப்பதுதான் சரிப்படும். உங்கள் கடிதத்திலேயே மூன்று இருக்கின்றன: வரிசையில் காத்திருக்க முடியாத குழந்தை, முட்டை ஆகாத நண்பர், பில் வரும்போது மனசுக்குள் கணக்குப் போடப்போகும் சிலர். நாலாவதாக நான் ஒன்று சேர்க்கிறேன். அது ஏழு என்ற எண்.

முன்பதிவு இல்லாத ப்ரன்ச் எப்படி நடக்கிறது என்று பாருங்கள். உணவகம் காலை 10 மணிக்குத் திறக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பிரபலமான இடம் என்றால் கதவு திறக்கும் முன்பே வாசலில் ஆட்கள் நிற்பார்கள். 10.15, 10.20-க்குள் எல்லா டேபிளும் நிரம்பிவிடும். ஒரே நேரத்தில் உட்கார்ந்தவர்கள் ஏறக்குறைய ஒரே நேரத்தில்தான் எழுந்திருப்பார்கள். இரண்டு பேர் டேபிள் காலியாகச் சுமார் ஒரு மணி நேரம் ஆகும், நாலு பேர் டேபிளுக்கு ஒன்றேகால் முதல் ஒன்றரை மணி நேரம். அதாவது 10.20-லிருந்து 11.10 வரை அநேகமாக ஒரு டேபிளும் காலியாகாது. அதிக நேரம் காத்திருப்பவர் கடைசியாக வருபவர் என்று நினைப்போம். உண்மையில் 10.25-க்கு வருபவர்தான் மாட்டிக்கொள்வார்.

இது பொதுக் கணக்கு. ஏழு பேருக்கு இதைவிட மோசம். பெரும்பாலான உணவகங்களில் இருப்பவை இரண்டு பேர் டேபிளும் நாலு பேர் டேபிளும்தான். உங்களுக்கு இரண்டு நாலு பேர் டேபிள்கள் வேண்டும், அவை பக்கத்துப் பக்கத்தில் இருக்க வேண்டும், இரண்டும் ஒரே சமயத்தில் காலியாக வேண்டும். ஒன்று காலியாகி, அடுத்த டேபிள்காரர்கள் இன்னொரு காபி சொல்லிவிட்டார்கள் என்றால், வாசலில் முப்பது பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது முதல் டேபிளை இருபது நிமிடம் வெறுமனே போட்டுவைக்க வரவேற்பில் நிற்பவரால் முடியாது. உங்களுக்குப் பின்னால் பெயர் கொடுத்த நாலு பேரை உட்கார வைத்துவிடுவார். இதை அநியாயம் என்று சொல்ல முடியாது, டேபிள் கணக்கே அப்படித்தான். இதன் மேல், எல்லாரும் வந்து சேராமல் டேபிள் கொடுப்பதில்லை என்ற விதியும் பல இடங்களில் உண்டு. ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு பேரும் சொன்ன நேரத்துக்கு வாசலில் நிற்பார்களா என்பது உங்களுக்கே தெரியும்.

ப்ரன்ச் என்ற சொல்லை 1895-ல் முன்வைத்து எழுதியவர் கய் பெரிங்கர் என்ற ஆங்கிலேயர். சனி இரவு நேரம் கழித்துப் படுத்தவர்கள் ஞாயிறு காலை அவசரமில்லாமல் எழுந்து, பேசிச் சிரித்துச் சாப்பிட ஒரு வேளை வேண்டும் என்பதுதான் அவர் வாதம். உங்கள் நாலு பேர் விரும்புவதும் அந்த நிதானத்தைத்தான், அது நல்ல ஆசை. ஆனால் பதிவு எடுக்காத பிரபல உணவகத்தில் ஞாயிறு காலை 11 மணியைப் போல நிதானமே இல்லாத நேரம் வாரத்தில் வேறு இல்லை. வாசலில் நிற்பவர்களின் பார்வை முதுகில் படும்போது யாருக்கும் இரண்டு வருடக் கதையை விரித்துச் சொல்லத் தோன்றாது.

அடுத்தது கிச்சன். ப்ரன்ச் மெனுவில் பாதிக்கு மேல் முட்டை. முட்டையின் வெள்ளை சுமார் 62 டிகிரி செல்சியஸில் இறுகத் தொடங்கும், மஞ்சள் கரு 65-ல் கெட்டிப்பட ஆரம்பித்து 70-ஐ நெருங்கும்போது கட்டியாகிவிடும். வழியும் மஞ்சள் கருவுக்கும் ரப்பர் மாதிரியான மஞ்சள் கருவுக்கும் இடையே இருப்பது அந்த ஐந்தாறு டிகிரிதான். ஓட்டை உடைத்துத் தண்ணீரில் வேகவைக்கும் போச்டு முட்டையை விடியற்காலையிலேயே முக்கால் பதத்தில் எடுத்து, ஐஸ் தண்ணீரில் போட்டுவைத்து, ஆர்டர் வந்ததும் கொதிக்காத சுடுநீரில் ஒரு நிமிடம் சூடாக்கித் தருவது கிச்சன்களில் சாதாரண நடைமுறை. அதில் குறை ஏதும் இல்லை. அதன் மேல் ஊற்றும் ஹாலண்டைஸ் சாஸ்தான் சிக்கலானது. மஞ்சள் கருவும் உருக்கிய வெண்ணெயும் சேர்ந்து நிற்கும் கலவை அது. 60 டிகிரியை ஒட்டி வெதுவெதுப்பாக வைத்திருக்க வேண்டும். ஆறினால் வெண்ணெய் உறைந்து கெட்டியாகும், சூடு ஏறினால் கரு வெந்து திரிந்து, வெண்ணெய் தனியே பிரியும். வெகுநேரம் வைத்திருக்கவும் கூடாது.

இப்போது ஏழு தட்டுகளை நினைத்துப் பாருங்கள். ஒரு டேபிளின் சாப்பாடு ஒன்றாகப் போக வேண்டும் என்பதால், முதலில் தயாரான முட்டைத் தட்டு கடைசித் தட்டுக்காக ஹீட் லாம்ப் அடியில் காத்திருக்கும். நாலைந்து நிமிடம் போதும், மஞ்சள் கரு இறுகிவிடும், முட்டையின் ஆவியில் அடியில் இருக்கும் டோஸ்ட் நமுத்துவிடும். அதே நேரத்தில் அறை முழுவதும் அதே அடுப்புக்கல்லில் வேக வேண்டியவற்றையே கேட்டுக்கொண்டிருக்கும். ஆளுக்கொரு மாற்றம் வேறு: ஒருவருக்கு வெங்காயம் இல்லாமல், ஒருவருக்கு முட்டை நன்றாக வெந்து, ஒருவருக்கு சாஸ் தனியாக. இரண்டு பேராகவோ மூன்று பேராகவோ போயிருந்தால் ப்ரன்ச்சையே சொல்லியிருப்பேன், தட்டு அடுப்பிலிருந்து நேராக டேபிளுக்கு வந்துவிடும். பெரிய குழுவுக்கு டின்னர் சமையல்தான் தோதானது. மெதுவாக வேகவைத்தவை, குழம்பாக்கியவை, ஓவனில் வாட்டியவை எல்லாம் மூன்று நிமிடம் காத்திருந்தால் கெட்டுப்போகாது. வாட்டிய இறைச்சிக்கு அந்த ஓய்வு தேவையும்கூட, எடுத்த உடனே வெட்டினால் சாறெல்லாம் பலகையில் வடிந்துவிடும்.

முட்டை ஒவ்வாமை உள்ள நண்பரைப் பொறுத்தவரை நான் ஒரு துளியும் விட்டுக்கொடுக்க மாட்டேன். ப்ரன்ச் கிச்சனில் முட்டையைத் தொடாத கல்லும் இல்லை, கரண்டியும் இல்லை. அவர் முட்டையில்லாத பதார்த்தமே கேட்டாலும், ஆம்லெட் போட்ட அதே கல்லில் அவருடைய காய்கறியை வதக்குவார்கள், அதே துடுப்பால் திருப்புவார்கள். கூட்ட நேரத்தில் தனி வாணலி எடுத்துச் செய்யுங்கள் என்று கேட்கலாம், அவர்களும் சரி என்பார்கள். அது காப்பாற்றப்படுமா என்பது அன்றைய நெரிசலைப் பொறுத்தது. பஃபே என்றால் இன்னும் ஆபத்து, ஒரு டிரேயில் இருந்த கரண்டி அடுத்த டிரேயில் கிடக்கும்.

டின்னரில் முட்டை குறைவு என்றாலும், ஒளிந்திருக்கும் இடங்கள் உண்டு. மயோனைஸ் கலந்த சாஸ்கள், புதிதாகப் பிசைந்த பாஸ்தா, பொரிப்பதற்கான மாவுக் கரைசல், கட்லெட்டும் பர்கரும் உதிராமல் இருக்கச் சேர்க்கும் முட்டை, மேல்புறம் பளபளக்க முட்டை தடவிச் சுட்ட பன், டெஸர்ட்டில் பாதி. நுரை பொங்கும் சில காக்டெயில்களில் முட்டை வெள்ளை இருக்கும், அதை யாரும் எதிர்பார்ப்பதில்லை. அதனால் உணவகத்துக்கு முன்கூட்டியே போன் செய்யுங்கள். மதியம் 3 மணிக்கும் 5 மணிக்கும் நடுவில் கூப்பிட்டால் கிச்சனில் பேச ஆள் கிடைப்பார். "முட்டை ஒவ்வாமை உள்ள ஒருவர் வருகிறார், மெனுவில் எவற்றைத் தனிப் பாத்திரத்தில் செய்து தர முடியும்?" என்று கேளுங்கள். "முட்டை இல்லாதது ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்டால் சாலட் இருக்கிறது என்ற பதில்தான் வரும். பொரித்தவற்றுக்கு எண்ணெய் பொதுவா என்பதையும் விசாரியுங்கள். உட்கார்ந்ததும் சர்வரிடம் மறுபடி ஒருமுறை சொல்ல வேண்டும், பதிவில் எழுதிய குறிப்பு கிச்சன் வரை போயிருக்கும் என்று நம்பி இருந்துவிடக் கூடாது. கடும் ஒவ்வாமைக்கு அவசரத்தில் போடும் எபிநெஃப்ரின் ஊசியை மருத்துவர் எழுதித் தந்திருந்தால் அது அவர் பையில் இருக்கட்டும், எந்தப் பையில் என்று பக்கத்தில் உட்காருபவருக்கும் தெரிந்திருக்கட்டும்.

இனி ஏன் எட்டு மணி வேண்டாம் என்கிறேன். சத்தம்தான் முதல் காரணம். ஒரு மீட்டர் தூரத்தில் இருவர் சாதாரணமாகப் பேசிக்கொண்டால் சுமார் 60 டெசிபெல். நிரம்பிய உணவகம் உச்ச நேரத்தில் 80-ஐத் தாண்டுவது சகஜம். சுற்றிலும் சத்தம் கூடினால் மனிதர்கள் தம்மை அறியாமலே குரலை உயர்த்துவார்கள். பிரெஞ்சுக் காது மருத்துவர் எத்தியென் லொம்பார் 1909-ல் கண்டறிந்தது இது, அவர் பெயராலேயே லொம்பார் விளைவு என்று வழங்குகிறது. ஒரு டேபிள் குரலை உயர்த்த, பக்கத்து டேபிள் இன்னும் உயர்த்த, எட்டரை மணிக்கு எல்லாரும் கத்திக்கொண்டிருப்பார்கள். வெறும் தரை, கண்ணாடிச் சுவர், உயரமான கூரை உள்ள இடங்களில் இது இரட்டிப்பாகத் தெரியும். கதவு திறந்த முதல் ஒரு மணி நேரம்தான் அந்த அறையில் பேச முடிகிற நேரம்.

பேச்சைப் பற்றி இன்னொன்று. பரிணாம உளவியலாளர் ராபின் டன்பாரும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1995-ல் வெளியிட்ட ஓர் ஆய்வில், இயல்பாகக் கூடிப் பேசுகிற குழுக்கள் சுமார் நாலு பேரோடு நின்றுவிடுவதையும், அதற்கு மேல் போனால் பேச்சு இரண்டாகப் பிரிந்துவிடுவதையும் காட்டினார்கள். நீங்கள் ஏழு பேர். டேபிளில் இரண்டு பேச்சுகள்தான் ஓடும், அதைத் தடுக்க முயல வேண்டாம். எது எங்கே பிரிகிறது என்பதை மட்டும் நீங்கள் தீர்மானிக்கலாம். வட்ட டேபிள் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். நீள டேபிள்தான் என்றால், எல்லாரோடும் கலந்து பேசுகிற இருவரை நடுவில் எதிரெதிரே உட்கார வையுங்கள், இரண்டு பக்கப் பேச்சையும் அவர்கள் இணைப்பார்கள். அதிகம் பேசாதவரை ஓரத்தில் விடாதீர்கள், ஓரத்தில் இருப்பவருக்கு ஒரு பக்கக் காதுதான் வேலை செய்யும். இதை வாசலிலேயே, "நீ இங்க வா, நீ அங்க உக்காரு" என்று உரிமையோடு சொல்லிவிடுங்கள். ஏற்பாடு செய்தவர் சொன்னால் யாரும் மறுக்க மாட்டார்கள்.

குழந்தையின் அம்மாவை யாராவது கேட்டீர்களா? ப்ரன்ச் கேட்கும் நாலு பேரும் "குழந்தை இருக்கே, பகல்தானே நல்லது" என்றுதான் சொல்லியிருப்பார்கள் என்று ஊகிக்கிறேன். 8 மாதக் குழந்தைகள் பகலில் இரண்டு அல்லது மூன்று தூக்கம் போடும், அதில் ஒன்று பெரும்பாலும் முற்பகலில் வரும். சில குழந்தைகள் ஏழு மணிக்கே இரவுத் தூக்கத்துக்குப் போய்விடும், சில ஒன்பது வரை விழித்திருக்கும். அவளிடம் கேட்க வேண்டியது ஒரே கேள்வி: "ஆறு மணியிலிருந்து ஏழரை வரை குழந்தை எப்படி இருக்கும்?" தாங்காது என்றால், அவளுக்கு மட்டும் மெயின் கோர்ஸை ஸ்டார்ட்டரோடு சேர்த்துக் கொண்டுவரச் சொல்லலாம், ஏழேகாலுக்குக் கிளம்பிவிடலாம். ஞாயிறு காலை ஐம்பது நிமிடம் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நிற்பதோடு ஒப்பிட்டால் எது சுலபம் என்று அவளே சொல்லுவாள்.

பதிவு செய்யும்போதே ஹை சேர் வேண்டும் என்று எழுதிவையுங்கள், பல இடங்களில் இரண்டு மூன்றுதான் இருக்கும். ஸ்ட்ரோலர் உள்ளே வருமா, எங்கே நிறுத்தலாம் என்பதையும் கேளுங்கள். சர்வர்கள் சூடான தட்டோடு வருகிற பக்கத்தில் குழந்தையை வைக்காதீர்கள், சுவர்ப்பக்க ஓரம்தான் அதற்கு இடம். அப்புறம், ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேன் கூடாது. பிரெட் மேல் ஊற்றியிருந்தாலும், சாஸில் கலந்திருந்தாலும், யார் பாசத்தில் ஒரு வாய் ஊட்ட வந்தாலும் தடுத்துவிடுங்கள். சின்னக் குழந்தைகளுக்குத் தேனால் பொட்டுலிசம் என்ற விஷபாதிப்பு வரக்கூடும்.

பதிவுக்கு வருவோம். ஆன்லைனில் ஏழு பேர் என்று போட்டால் இடமில்லை என்று காட்டக்கூடும். இடம் நிஜமாகவே இல்லாமல் இருக்கலாம், அல்லது ஆறு பேருக்கு மேல் ஆன்லைனில் விடாமல் வைத்திருக்கலாம். கிச்சன் திணறாமல் இருக்க, கால் மணி நேரத்துக்கு இத்தனை பேர்தான் என்று ஒரு வரம்பு வைத்துப் பதிவு எடுப்பார்கள். ஏழு பேர் ஒரே கால் மணியில் வருவது அந்த வரம்பில் பெரும் பகுதி. ஆகவே போனில் கேளுங்கள். நாலு பேர், மூன்று பேர் என்று இரண்டு பெயரில் பதிவு போட்டு, வந்த பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். ஒன்று ஜன்னலோரமும் இன்னொன்று கிச்சன் வாசலிலும் கிடைக்கும், நடுவில் இருப்பவர்களை எழுப்ப முடியாது.

போனில் கேட்க வேண்டிய முக்கியமான கேள்வி இது: "ஆறு மணிக்கு உட்கார்ந்தால் அந்த டேபிளுக்கு அடுத்த பதிவு எத்தனை மணிக்கு?" இரண்டு மணி நேரம் என்பது பொது விதி. அடுத்த பதிவு எட்டரைக்குத்தான் என்றால் இருபது நிமிடம் கூடுதலாக உட்கார விடுவார்கள், கேட்டால்தான் தெரியும். எண்ணிக்கை மாறினாலும் சொல்லுங்கள். ஏழு ஆறானாலும் எட்டானாலும் பெரும்பாலும் பிரச்சினை இல்லை, இரண்டு நாலு பேர் டேபிளில் எட்டு நாற்காலி இருக்கிறது. ஒன்பதாவது ஆளைச் சொல்லாமல் அழைத்துப்போனால் டேபிள் அமைப்பையே மாற்ற வேண்டியிருக்கும். வராதவர்களுக்கு முன்பணம் பிடிக்கும் இடமா, எத்தனை மணி நேரத்துக்கு முன் ரத்து செய்யலாம் என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

இரண்டு மணி நேரம் போதுமா என்ற கவலை உங்கள் கடிதத்தில் தெரிகிறது. போதும், ஆனால் தானாகப் போதாது. நேரத்தை விழுங்குவது சாப்பிடுவது கிடையாது, என்ன சாப்பிடலாம் என்று யோசிப்பதுதான். பழைய நண்பர்கள் உட்கார்ந்ததும் பேச ஆரம்பித்துவிடுவார்கள், சர்வர் மூன்று தடவை வந்து "இன்னும் பார்க்கலைங்களா?" என்று கேட்டுவிட்டுப் போவார், அங்கேயே முப்பது நிமிடம் போய்விடும். முந்தின நாளே மெனுவை வாட்ஸ்அப் குழுவில் போட்டு, ஆளுக்கு இரண்டு மெயின் கோர்ஸ் யோசித்து வரச் சொல்லுங்கள். இரண்டு எதற்கென்றால், ஒன்று தீர்ந்துபோயிருக்கலாம். ஸ்டார்ட்டர்களை நீங்களே தீர்மானித்து, முதலில் வரும் டிரிங்க்ஸ் ஆர்டரோடு சேர்த்துச் சொல்லிவிடுங்கள். ஏழு பேருக்கு நாலு ஸ்டார்ட்டர் தாராளம், அதில் குறைந்தது இரண்டு, முட்டை ஆகாத நண்பர் சாப்பிடக்கூடியவையாக இருக்கட்டும். அவருடைய தட்டில் வேறு கரண்டி படாமல் அவர் முதலில் எடுத்துக்கொள்ளட்டும்.

இப்படிப் போனால் இருபதாவது நிமிடத்தில் மெயின் கோர்ஸ் ஆர்டர் போயிருக்கும், அரை மணியில் ஸ்டார்ட்டர் வரும், ஒரு மணி நேரம் தாண்டியதும் மெயின் கோர்ஸ். உட்கார்ந்து ஒன்றரை மணி நேரம் ஆகும்போது டெஸர்ட் சொல்லிவிட வேண்டும். டெஸர்ட் சொல்லும்போதே பில்லையும் தயார் செய்யச் சொல்லுங்கள். முதல் நேரத்தில் போவதன் பெரிய லாபம் இதில்தான் இருக்கிறது: உங்கள் மெயின் கோர்ஸ் ஆர்டர் உள்ளே போகும்போது கிச்சனில் காத்திருக்கும் ஆர்டர் குறைவு. ஏழு தட்டும் ஒன்றாக, சூடாக வரும். ஏழரைக்கு உட்காரும் ஏழு பேருக்கு அந்த வசதி கிடையாது. எட்டேகாலுக்கு எழுந்தால் தூங்குவதற்கு முன் இரண்டு மூன்று மணி நேரம் இருக்கும், நெஞ்சு கரிக்காது. கடைசியில் காபி குடிப்பவர்களிடம் மட்டும் சொல்லுங்கள், எட்டு மணிக்குக் குடித்த காஃபீனில் பாதி இரவு ஒரு மணிக்கும் உடம்பில் இருக்கும்.

செலவு. யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அதனால்தான் நீங்கள் முன்னாலேயே சொல்ல வேண்டும், யாரையும் சுட்டாமல், எல்லாருக்கும் ஒரே விதியாக. ப்ரன்ச் மலிவு என்று பொதுவாக நினைக்கிறோம். தட்டு ஒவ்வொன்றும் மலிவாக இருக்கலாம், ஆனால் பஃபே என்றால் குறைவாகச் சாப்பிடுபவரும் முழுத்தொகை கட்ட வேண்டும், ஆளுக்கு மூன்று பானம் சேர்ந்தால் வித்தியாசம் கரைந்துவிடும். டின்னரில் கசப்பு வருவது மொத்தத்தை ஏழால் வகுக்கும்போதுதான். குடிக்காதவர் குடித்தவருக்குக் கட்டுவார், சூப்போடு நிறுத்தியவர் ஸ்டேக்குக்குக் கட்டுவார். ஸ்டார்ட்டரும் டெஸர்ட்டும் பொதுவில் ஏழு பங்கு, மெயின் கோர்ஸ் அவரவருடையது, மதுபானம் தனி பில். இந்த மூன்று வரி போதும். தனி பில் வேண்டும் என்பதை உட்கார்ந்ததுமே சர்வரிடம் சொல்ல வேண்டும். கடைசியில் கேட்டால் எல்லா ஆர்டரையும் பிரித்து மறுபடி அடிக்க வேண்டியிருக்கும், ஏழு கார்டு ஏழு தடவை தேய்க்கப் பதினைந்து நிமிடம் போகும், அதற்குள் அடுத்த பதிவுக்காரர்கள் வாசலில் நிற்பார்கள். நீங்கள் ஒருவரே கட்டிவிட்டு அன்றிரவே அவரவர் பங்கைக் குழுவில் போடுவது எல்லாவற்றிலும் சுலபம். பெரிய குழுக்களுக்குச் சேவைக் கட்டணத்தைத் தாமாகவே பில்லில் சேர்க்கும் இடங்கள் உண்டு, டிப்ஸ் வைப்பதற்கு முன் பில்லின் அடியில் பாருங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் நாலு பேர் அசையவில்லை என்றால், ப்ரன்ச்சைக் கெடாமல் நடத்தவும் வழி உண்டு. ஏழு பேர் ஒரே டேபிள் என்ற ஆசையை விட்டுவிட வேண்டும். நாலு, மூன்று என்று இரண்டு குழுவாகப் பெயர் கொடுங்கள், எங்கே உட்கார வைத்தாலும் சரி என்று சொல்லுங்கள். திறக்கும் நேரத்துக்கு 25 நிமிடம் முன்னால் வாசலில் இருங்கள், உட்கார்ந்ததும் முதல் ஐந்து நிமிடத்துக்குள் ஆர்டர் கொடுத்துவிடுங்கள். பத்து நிமிடம் தாமதித்தால் அறை முழுவதின் ஆர்டரும் உங்களுக்கு முன்னால் கிச்சனுக்குப் போய்விடும். சாப்பிட்டு முடித்து, பக்கத்தில் ஒரு பூங்காவிலோ யாராவது ஒருவர் வீட்டிலோ ஏழு பேரும் சேர்ந்துகொள்ளுங்கள், பேச்சு அங்கே நடக்கட்டும். ப்ரன்ச் முடியும் கடைசி முக்கால் மணி நேரத்தைக் குறிவைக்காதீர்கள். வரிசை குறைந்திருக்கும், ஆனால் நல்ல ஐட்டங்கள் தீர்ந்திருக்கும், பஃபே டிரேக்களை நிரப்புவதை நிறுத்தியிருப்பார்கள். சூடாக இருக்க வேண்டியது 60 டிகிரிக்கு மேலும், குளிர்ந்திருக்க வேண்டியது 5 டிகிரிக்குக் கீழும் இல்லாமல் இரண்டு மணி நேரத்துக்கு மேல் கிடந்ததைத் தொடாமல் இருப்பது நல்லது. ஆவி வராத முட்டை டிரே, ஐஸ் உருகித் தண்ணீரில் மிதக்கும் குளிர்வகைக் கிண்ணம், இரண்டையும் தாண்டிப் போய்விடுங்கள். முட்டை ஒவ்வாமை நண்பர் அன்று வீட்டில் சாப்பிட்டுவிட்டு வந்து பானம் மட்டும் குடிக்கிறேன் என்றால் வற்புறுத்தாதீர்கள்.

டின்னர் என்று முடிவானால், குழுவில் ஓட்டுக்கு விடாமல் இப்படி ஒரு செய்தி போடுங்கள்:

"ஞாயித்துக்கிழமை சாயங்காலம் 6 மணிக்கு டேபிள் போட்டாச்சு, ஏழு பேருக்கு. 5.50-க்கு வாசல்ல இருங்க, எல்லாரும் வந்தாதான் உள்ள விடுவாங்க. மெனு கீழ இருக்கு, ஆளுக்கு ரெண்டு மெயின் கோர்ஸ் யோசிச்சுட்டு வாங்க. ஸ்டார்ட்டரும் டெஸர்ட்டும் பொது, மெயின் கோர்ஸ் அவங்கவங்களது, டிரிங்க்ஸ் தனி பில். வர முடியலன்னா வெள்ளிக்கிழமை ராத்திரிக்குள்ள சொல்லிடுங்க."

குழந்தையின் அம்மாவிடமும் முட்டை ஆகாத நண்பரிடமும் இதைப் போடுவதற்கு முன் தனியாகப் பேசிவிடுங்கள். சனிக்கிழமை மதியம் 3 மணிக்கு மேல் உணவகத்துக்கு இன்னொரு போன்: ஏழு பேர், ஹை சேர் ஒன்று, முட்டை ஒவ்வாமை ஒருவர், சுவர்ப்பக்க டேபிள். போனை எடுத்தவரின் பெயரைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.